சுவரில் என் கையெழுத்து

“காய்ச்சல் யாருக்காச்சும் இருக்குதுங்களா?”

இந்த ஒரே கேள்வியைக் கேட்டு வாழ்நாள் முழுக்கச் சம்பளம் வாங்கியவன் நான். மலேரியா ஒழிப்புத் திட்டத்தில் கண்காணிப்பு ஊழியர் என்பது பதவியின் பெயர். ஊருக்குள் அந்தப் பெயரை ஒருவரும் சொன்னதில்லை. ‘மலேரியாக்காரர்’ என்பார்கள், ‘ரத்தக்காரர்’ என்பார்கள், கோபம் வந்தால் ‘ஊசிக்காரன்’ என்பார்கள். எல்லாவற்றுக்கும் திரும்பிப் பார்த்திருக்கிறேன்.

போன மாதம் எங்கள் தெருவுக்குச் சுகாதாரக் கணக்கெடுக்க ஒரு பெண் வந்தாள். கையில் செல்போன். வாசலில் நின்றபடியே “வூட்டுல எத்தனை பேருங்க?” என்று கேட்டாள். என் மனைவி அடுப்படியிலிருந்து “ரெண்டு பேரும்மா” என்றாள். அந்தப் பெண் செல்போனில் தட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள். நான் அப்போது குளித்துக்கொண்டிருந்தேன். என்னை அவள் பார்க்கவே இல்லை. ஈரத்தலையோடு வாசலுக்கு வந்து நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. “அந்தப் புள்ளை மேல எதுக்கு இப்படிப் பாயறீங்க?” என்றாள் மனைவி. அந்தப் பிள்ளை மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அதே தவற்றை நான் செய்திருக்கிறேன். அதை எழுதத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்தது அறுபதுகளில். சேலத்தில் ஆறு வாரம் பயிற்சி. இடது கை மோதிர விரலைப் பஞ்சால் துடைப்பது, ஊசியால் ஒரு குத்து, கண்ணாடித் தகட்டில் ரத்தத்தை வட்டமாகத் தேய்ப்பது, நான்கு மாத்திரையை எண்ணிக் கொடுப்பது. இவ்வளவுதான் படிப்பு. ஒருவரை ஒருவர் குத்திப் பழகியதில் என் விரல் பத்து நாள் வீங்கிக் கிடந்தது. பிறகு ஒரு காக்கிப் பையும் ஒரு சைக்கிளும் கொடுத்து, பாப்பாரப்பட்டிக்கும் நல்லம்பள்ளிக்கும் நடுவில் இருந்த சிற்றூர்களை என் தலையில் கட்டினார்கள்.

வேலை ஒழுங்கு இதுதான். பதினைந்து நாளைக்கு ஒருமுறை ஒவ்வொரு வீட்டுக்கும் போக வேண்டும். வாசற்கதவுக்குப் பக்கத்துச் சுவரில் தகரத் தகட்டை வைத்துச் செங்காவியில் கட்டம் போடுவோம். மேலே வீட்டு எண், எத்தனை ஆள் என்ற கணக்கு. கீழே நான் வந்த தேதியும் கையெழுத்தும். அந்தக் கட்டத்தை அழிக்கக் கூடாது, மெழுகும்போதும் அதைச் சுற்றித்தான் மெழுக வேண்டும் என்று பெண்களிடம் சொல்லிவைப்போம். அழித்தால் குற்றம் என்று கொஞ்சம் மிரட்டியும் வைத்திருந்தோம். உண்மையில் அப்படி ஒரு சட்டம் இருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

எனக்கு மேலே இன்ஸ்பெக்டராக இருந்தவர் பாஷா சார். தருமபுரியில் ஜவுளி வியாபாரம் செய்த குடும்பத்துப் பிள்ளை. கடையில் உட்காரப் பிடிக்காமல் சர்க்கார் வேலைக்கு வந்தவர். மாடு மேய்ப்பவரிடமும் ‘ங்க’ போட்டுத்தான் பேசுவார். திட்டும்போதும் ‘ங்க’ போட்டே திட்டுவார், அதுதான் இன்னும் சுடும். ஒரு வீட்டுக்கு வந்தால் உடனே வாசலுக்குப் போக மாட்டார். சைக்கிளைச் சாய்த்துவிட்டு வீட்டை ஒருமுறை முழுதாகச் சுற்றி வருவார். பிறகு குடிக்கத் தண்ணீர் கேட்பார். தண்ணீர் வருவதற்குள் கழுவிக் கவிழ்த்த தட்டுகளை எண்ணிவிடுவார்.

“காதுல கேக்கறதைப் பென்சில்ல எழுதுங்க தம்பி. கண்ணால பாத்ததை மையில எழுதுங்க. ரெண்டையும் கலக்காதீங்க.”

முதல் நாள் அவர் சொன்னது இது. வீட்டில் ஒரு ஆள் இல்லை, வெளியூர் போயிருக்கிறார் என்று சொன்னால், பதிவேட்டில் பென்சிலால்தான் குறிக்க வேண்டும். அந்த ஆளை நேரில் பார்த்த பிறகோ, போன இடத்தைச் சரிபார்த்த பிறகோதான் மை. நல்ல விதிதான். ஆனால் பென்சில் எழுத்து நிறைந்த பதிவேடு பார்க்க அசிங்கமாக இருக்கும், வேலை பாதியில் கிடக்கிற மாதிரி தெரியும். அதனால் சோதனை வரும் மாதங்களில் நாங்கள் பல பேர் உட்கார்ந்து பென்சில் மேலேயே மையை ஓட்டிவிடுவோம். நானும் ஓட்டினேன்.

இனி சின்னசாமி பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் முதன்முதலில் அவருடைய சிற்றூருக்குப் போனபோது ஒருவரும் விரலை நீட்டவில்லை. ரத்தத்தை எடுத்துச் சர்க்கார் விற்கிறது என்று புரளி. ஒரு பெண் உலக்கையோடு வந்து நின்றாள். அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தவர் சின்னசாமி. அறுபதைத் தாண்டிய வயது, நெட்டையான ஆள், ராகிக் காட்டில் இருந்து அப்படியே வந்திருந்தார். இடது கையை நீட்டி, “என்னுது எடுத்துக்கோ தம்பி. கெழட்டு ரத்தம், இதை எவன் வாங்கப் போறான்?” என்றார். கூட்டம் சிரித்தது. அதன் பிறகு வரிசையாக விரல்கள் வந்தன. அந்த மனிதர் அன்று கை நீட்டாமல் இருந்திருந்தால் நான் மறுநாளே ஊருக்குக் கிளம்பியிருப்பேன்.

அவர் வீட்டில் ஆறு பேர். சின்னசாமி, மகன் மாதையன், மருமகள் ராஜம்மா, கல்யாண வயதில் ஒரு பேத்தி, இரண்டு பேரன்கள். அந்த வட்டாரத்திலேயே எனக்குப் பிடித்த வீடு அதுதான் என்று சொல்ல இப்போது நாக்குக் கூசுகிறது. போனால் ராஜம்மா கேட்காமலே மோர் கொண்டுவருவார். மாதையன் என் சைக்கிளுக்குக் காற்றடித்துக் கொடுப்பார். ஊரில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் வண்டி பூட்டிக்கொண்டு தருமபுரி ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவர் அவர்தான்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு முறை போனபோது கிழவரைக் காணோம். அதற்கு முன்பே அவர் பேச்சில் கொஞ்சம் தடுமாற்றம் வந்திருந்தது. என்னைப் பார்த்து “நீ யாரு, ஆட்டு யாவாரியா?” என்று கேட்டு நாங்கள் எல்லாரும் சிரித்திருக்கிறோம். “அப்பா எங்கேங்க?” என்று மாதையனைக் கேட்டேன்.

“தங்கச்சி வூட்டுக்குப் போயிருக்குதுங்க, பாலக்கோட்டுப் பக்கம். கொஞ்ச நாளைக்கு அங்கயே இருக்கட்டும்னு வுட்டுட்டோம்.”

பென்சிலால் ‘மகள் வீட்டில்’ என்று எழுதினேன். மூன்று மாதம் கழித்துச் சோதனை வந்தது. மையை ஓட்டினேன். சுவரில் இருந்த ஆறைச் சுரண்டிவிட்டு ஐந்து போட்டேன். கேப்பையிலே நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்கு மதி எங்கே போயிற்று என்பார்கள். கேப்பை விளைகிற ஊரிலேயே நின்றுகொண்டு நான் அதை நம்பினேன்.

இடையில் மருந்தடிப்பு வந்தது. வீட்டுச் சாமான்களை வெளியே எடுத்து வைத்து எல்லாச் சுவரிலும் டி.டி.டி. அடிக்க வேண்டும். மாட்டுக் கொட்டாய்க்கும் அடிக்க வேண்டும். மாதையன் கையெடுத்துக் கும்பிட்டார். “கொட்டாயை மட்டும் வுட்டுருங்க. மாடு கன்னு போட்டு ஒன்பது நாளுதான் ஆவுது. வெளியாளு கண்ணு பட்டா ஆவாது, மருந்து வாடைக்குப் பாலும் வத்திப் போயிடும்.” ஈன்ற மாட்டை அயலார் பார்க்கக் கூடாது என்பது அங்கே எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். அதை மீறினால் அடுத்த முறை ஊருக்குள் விட மாட்டார்கள். சரி என்று விட்டுவிட்டேன். அன்றும் மோர் குடித்தேன்.

ஏறக்குறைய ஒரு வருஷம் இப்படிப் போயிற்று. பிறகு பேத்திக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. ரத்தத் தகடு பரிசோதனைக்குப் போய் மலேரியா என்று முடிவு வந்தது. அப்படி வந்தால் வீட்டில் உள்ள எல்லாருக்கும் ரத்தம் எடுக்க வேண்டும், இன்ஸ்பெக்டரும் நேரில் வர வேண்டும். பாஷா சார் காலையிலேயே வந்துவிட்டார்.

வழக்கம்போல அவர் வீட்டைச் சுற்றப் போனார். நான் வழக்கம்போல வாசலில் நின்று குரல் கொடுத்தேன்.

“காய்ச்சல் யாருக்காச்சும் இருக்குதுங்களா?”

ராஜம்மா வந்து, பெண்ணைத் தவிர வேறு யாருக்கும் இல்லை என்றார். பாஷா சார் திரும்பி வந்தார். தண்ணீர் வாங்கிக் குடித்தார். தட்டுகளைப் பார்த்தார். ஐந்து தட்டு, ஐந்து ஆள். கணக்குச் சரி என்று நான் மனத்துக்குள் மார்தட்டிக்கொண்டேன். அவர் சொம்பைக் கீழே வைத்துவிட்டு மாதையனிடம் கேட்டார்.

“மாடு ரெண்டும் புளியமரத்தடியில கட்டியிருக்குதுங்க. கன்னும் அங்கதான் துள்ளுது. அப்பறம் கொட்டாய்க்கு எதுக்குங்க பூட்டு?”

பாஷா சார் என் முழங்கையைப் பிடித்து வீட்டின் பின்பக்கம் கூட்டிப் போனார். கொட்டாயின் தட்டிக் கதவுக்கு முன் என்னை நிறுத்தினார்.

“இப்ப கேளுங்க தம்பி. வாசல்ல கேட்டதை இங்க நின்னு கேளுங்க.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கேட்டேன். காய்ச்சல் யாருக்காச்சும் இருக்குதுங்களா?

“இருக்குது” என்றது உள்ளே ஒரு குரல். “இருக்குது சாமி. இருக்குதுன்னுதான் ஒவ்வொருக்காவும் சொல்றேன்.”

தட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பதினைந்து நாளைக்கு ஒருமுறை முன்வாசலில் நான் கேட்டிருக்கிறேன், பின்னால் அந்த மனிதர் பதில் சொல்லியிருக்கிறார். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை நான் வீட்டைச் சுற்றி வந்திருந்தால் போதும். வெயிலுக்குச் சோம்பல்பட்டு நான் சுற்றவே இல்லை.

சாவி வர வெகுநேரம் ஆயிற்று. கதவு திறந்ததும் வந்த வாடையில் பாஷா சார் கைக்குட்டையை எடுத்தார். எடுத்தவர் மூக்கில் வைக்காமல் மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டார். சின்னசாமி மாடு கட்டும் முளையடியில் குந்தியிருந்தார். வலது கணுக்காலில் மாட்டுக் கயிறு. கயிறு இருந்த இடத்தில் தோல் இல்லை. உடம்பில் துணி என்று சொல்ல ஒரு சாக்கு. பக்கத்தில் ஒரு கொட்டாங்குச்சியில் காய்ந்துபோன களி. தட்டுக் கணக்கில் அவர் ஏன் வரவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மகனைப் பார்த்தார். அடையாளம் தெரியவில்லை. பாஷா சாரைப் பார்த்தார். பிறகு என் தோளில் தொங்கிய காக்கிப் பையைப் பார்த்தார். மெதுவாக இடது கையைத் தூக்கி, மற்ற விரல்களை மடக்கிக்கொண்டு, மோதிர விரலை மட்டும் என் பக்கம் நீட்டினார்.

நான் அழுதேன். சொல்வதில் வெட்கமில்லை. அழுதுகொண்டே ரத்தம் எடுத்தேன்.

வெளியே வந்ததும் மாதையன் படபடவென்று பேசினார். “நீங்க பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா வந்து போறவங்க. நான் தெனமும் படறவன். நாலு மொறை காணாமப் போயிட்டாருங்க. ஒருக்காக் கெணத்து மேட்டுல நின்னுட்டு இருந்தாரு, ஒருக்கா ரோட்டுல லாரிக்கு முன்னாடி. நானும் அவளும் காட்டுக்குப் போயிட்டா யாருங்க பாக்கறது? பொண்ணுக்கு வேற மாப்பிள்ளை பாத்துட்டு இருக்கறோம். வர்றவங்க முன்னாடி துணியில்லாம வந்து நின்னா இந்த வூட்டுல எவன் பொண்ணெடுப்பான்? தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தாங்க தெரியும்.”

பாஷா சார் கடைசி வரை கேட்டார்.

“கட்டலைன்னா செத்துடுவாருன்னு கட்டினீங்க. சரிங்க. கொட்டாங்குச்சி எதுக்குங்க?”

ராஜம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். பாஷா சார் என் பதிவேட்டை விரித்து, பேனாவைத் திறந்தார். “புதுசா ஒரு ஆளைச் சேக்கணுமுங்க. பேரு?” மாதையன் சொன்னார். “வயசு?” சொன்னார். “உங்களுக்கு என்ன உறவு?” அந்தக் கட்டத்தில்தான் மாதையன் திக்கினார். பேனா தாளுக்கு மேலே காத்துக்கொண்டே இருந்தது. கடைசியில் தரையைப் பார்த்து, “எங்கப்பனுங்க” என்றார்.

அடுத்த வீட்டுக்காரரிடம் நான் சண்டைக்குப் போனேன். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாதா என்றேன். அவர் பல்குச்சியை எடுத்துவிட்டுச் சாவகாசமாகச் சொன்னார். “ஊருக்கே தெரியுமுங்க. அது அவங்க வூட்டு விஷயம். நீங்களும் காய்ச்சல் இருக்குதான்னுதானே கேட்டீங்க, பெரியவர் எங்கன்னு எங்களைக் கேக்கலீங்களே?” என்னை அறைந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. மணியக்காரரிடம் போனால், பெற்ற அப்பனை மகன் கட்டி வைத்ததற்கு எந்தக் கேஸ் போடுவது என்று அவர் எங்களையே திருப்பிக் கேட்டார்.

ஆனால் பாஷா சார் கையில் ஒரு கேஸ் இருந்தது. சின்னசாமியின் ரத்தத்திலும் மலேரியா இருந்தது. அப்படியானால் ஐந்து நாள் மாத்திரை, ஊழியர் கண்முன் விழுங்க வேண்டும். மாதையனிடம் சொன்னார்: “வெறும் வயித்துல குடுக்கக் கூடாதுங்க. சோறு போட்டதுக்கு அப்பறம்தான். ஆளு குளிச்சு, வேட்டி கட்டி, வாசல்ல கட்டில்ல உக்காந்திருக்கணும். தம்பி வந்து பாப்பாரு. அதுக்கு மேல ஒரு வருஷம், மாசாமாசம் ரத்தம் எடுக்கணும். சர்க்கார் உத்தரவுங்க.” வெறும் வயிற்றில் கூடாது என்பதும் ஒரு வருஷமும் உண்மையான விதி. கட்டிலும் குளியலும் அவர் சேர்த்தது.

ஐந்து நாளும் போனேன். ஐந்து நாளும் கிழவர் வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார், புது அலுமினியத் தட்டில் சோறு. கால் புண்ணுக்கு மருந்து வைத்தேன். சுவரில் ஐந்தைச் சுரண்டி மறுபடி ஆறு போட்டேன். அதன் பிறகு பதினைந்து நாள் சுற்றுக்கும், மாதாமாதம் ரத்தம் எடுக்கவும், குறித்த தேதியில் போனேன். ஒவ்வொரு முறையும் அதே கட்டில், சலவை வேட்டி, விரலை நீட்டுவார். நான் கையெழுத்துப் போடுவேன். ஆறு, ஏழு மாதம் இப்படிப் போயிற்று. பாஷா சாரிடம் பெருமையாகச் சொன்னேன், திருந்திவிட்டார்கள் சார் என்று. “வீட்டைச் சுத்தி வர்றீங்களா?” என்று கேட்டார். “ஆளே வாசலில் உட்கார்ந்திருக்கும்போது எதற்கு சார் சுற்ற வேண்டும்?” என்றேன்.

ஒரு மாதம் என் தேதியன்று மேலதிகாரிகள் கூட்டம் வந்துவிட்டது. அதனால் மூன்று நாள் முந்தியே போனேன். கட்டில் சுவரில் சாய்த்து நிறுத்தியிருந்தது. ராஜம்மா முறத்தோடு வெளியே வந்தவர் என்னைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

“இன்னிக்கு உங்க தேதி இல்லீங்களே” என்றார்.

நான் பின்பக்கம் ஓடினேன். பூட்டு. கேட்டேன், சத்தம்போட்டுக் கேட்டேன், காய்ச்சல் இருக்குதுங்களா என்று. இந்த முறை பதில் வரவில்லை. தட்டியைக் காலால் உதைத்துத் திறந்தேன். உயிர் இருந்தது. கயிறு இப்போது இடது காலில் இருந்தது, வலது கால் புண்ணுக்கு நான் மருந்து வைத்துக்கொண்டிருந்தேன் அல்லவா? சலவை வேட்டி கூரை வாரையில் மடித்துச் செருகியிருந்தது. என் தேதிக்காக.

கயிற்றை அறுத்துவிட்டு, தண்ணீர் கொடுத்துவிட்டு, தருமபுரி வரை சைக்கிளை மிதித்தேன். பாஷா சார் முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார். “பாலக்கோட்டுல ஒரு மக இருக்குதுன்னு அவங்களே சொன்னாங்கல்ல? பொய்யில பாதி நெசமா இருக்கும். போய்ப் பாருங்க தம்பி.”

மகள் இருந்தார். பெயர் பழனியம்மா. நான் சொன்னதை நம்பவில்லை, என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் அந்த அறுத்த கயிற்றைப் பையிலிருந்து எடுத்துக் காட்டியதும், அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டே வண்டியைப் பூட்டச் சொன்னார். ஊர் எல்லை வந்ததும்தான் கேட்டார்.

“அந்தச் சொவத்துல கையெழுத்துப் போடற மலேரியாக்காரரு நீங்கதானுங்களா?”

“ஆமாங்க.”

“ரெண்டு மாசம் முன்னால அப்பாவைக் கூட்டிட்டுப் போறேன்னு வந்தேனுங்க. காட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்கன்னு அண்ணன் சொல்லுச்சு. அந்தச் சொவத்தைத்தான் காட்டுச்சு. பாரு, மாசாமாசம் சர்க்காரு ஆளே வந்து பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டுட்டுப் போறாரு, அவருக்கு மேலயா நீ பாத்துக்குவேன்னு கேட்டுச்சு. உங்க கையெழுத்தை நம்பித்தாங்க நான் திரும்பிப் போனேன்.”

வண்டி வாசலில் நின்றது. மாதையன் தலையைக் குனிந்துகொண்டு தூணோரம் நின்றார், தடுக்கவில்லை. பழனியம்மா அப்பனைத் தானே கையில் தூக்கிக்கொண்டு வந்து வண்டியில் படுக்கவைத்தார். அந்த நெட்டையான மனிதர் அவ்வளவு லேசாக இருந்தார். சேலைத் தலைப்பால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டு, வண்டிக்காரரை நிற்கச் சொல்லிவிட்டு, பழனியம்மா திரும்பி வந்தார். அண்ணனிடம் ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் புளியமரத்தடிக்குப் போய் இரண்டு கையிலும் பச்சைச் சாணியை அள்ளிக்கொண்டு வந்தார். சுவரில் என் கட்டத்தின் மேல் அப்பி, மேலிருந்து கீழாக வழித்து மெழுகினார். வீட்டு எண் போயிற்று, ஆறு போயிற்று, என் கையெழுத்துகள் ஒவ்வொன்றாகப் போயின.

கட்டத்தை அழிக்கக் கூடாது என்று ஊர் ஊராகச் சொன்னவன் நான். காக்கிப் பையோடு பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கீழ் மூலையில் ஒரு கையெழுத்து மட்டும் கொஞ்சம் தெரிந்தது. நானும் ஒரு கை சாணி எடுத்து அதை மெழுகினேன்.